பச்சிளம் குழந்தையின் எடை வேகமாக ஏறினால்: பால் அளவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் பிறந்தபோது 3.1 கிலோ. மூன்று மாதம் முடிந்த அன்று 7.2 கிலோ. பார்த்தவர்கள் எல்லோரும் கன்னத்தைத் தொட்டு ரசித்தார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று கவலைப்படுகிற தாய்க்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். எடை அதிகமாக ஏறுகிறது என்றால், "இதெல்லாம் ஒரு கவலையா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த இரவுகளில் எனக்குள் எழுந்த கேள்விகளையும், பிறகு குழந்தை மருத்துவரிடமும் தாய்ப்பால் ஆலோசகரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இதில் உள்ளவை பெரும்பாலும் நிறைமாதத்தில் பிறந்த, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பொருந்தும்.

கேள்வி: மூன்று மாதத்திலேயே 7 கிலோ தாண்டிவிட்டது. இது ரொம்ப அதிகமா?

எடையை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் மூன்று மாத ஆண் குழந்தையின் நடு எடை 6.4 கிலோ, பெண் குழந்தையினுடையது 5.8 கிலோ. நடு எடை என்றால் இருக்க வேண்டிய எடை என்று அர்த்தமில்லை. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளில் பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே, அவ்வளவுதான். அந்த வயதில் ஆண் குழந்தைகள் ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ வரையிலும், பெண் குழந்தைகள் 4.5 முதல் 7.5 கிலோ வரையிலும் பரவி இருக்கிறார்கள். இந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்று பாருங்கள். ஒரே நாளில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு நடுவே மூன்று கிலோ வித்தியாசம் இருந்தும் இரண்டுமே நலமாக இருக்கலாம்.

எடையைவிட முக்கியமான கேள்வி, நீளம் எவ்வளவு என்பது. என் மகளை மருத்துவர் படுக்கவைத்து அளந்தபோது 62 செ.மீ. இருந்தாள். அந்த வயதுப் பெண் குழந்தையின் நடு நீளத்தைவிட 2 செ.மீ. அதிகம். எடையோடு நீளமும் தலைச் சுற்றளவும் சேர்ந்து வளர்கின்றன என்றால், குழந்தை மொத்தமாக வளர்கிறது என்று பொருள். வெறும் எடையை எழுதிக்கொடுத்து அனுப்பினால், நீளத்தையும் அளந்து சொல்லுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். நான் மூன்று மாதம் கேட்காமலேயே இருந்துவிட்டேன்.

கேள்வி: ஒரு நாளைக்கு, ஒரு வாரத்துக்கு எவ்வளவு ஏறுவது சகஜம்?

பிறந்த முதல் சில நாட்களில் எடை குறையும். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை இறங்கி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான ஓட்டம். முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 25 முதல் 35 கிராம், மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை 15 முதல் 20 கிராம், ஆறு மாதத்துக்குப் பிறகு 10 கிராம் அளவு. பிறந்த எடை நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பாகும், ஒரு வயதை ஒட்டி மூன்று மடங்காகும் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மகள் நாளொன்றுக்கு 45 கிராம் ஏறியிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்பே இரட்டிப்பு. இதே வேகத்தில் போனால் ஒரு வயதில் 19 கிலோ ஆகிவிடுவாளே என்று காகிதத்தில் எழுதிப் பார்த்து அழுதிருக்கிறேன். எந்தக் குழந்தையும் இதே வேகத்தில் போவதில்லை. முதல் மூன்று மாதத்தில் குழந்தை உண்ணும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சிக்கே போகிறது. ஒரு வயது நெருங்கும்போது அது 3 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வேகம் தானாகக் குறைவது உடலின் ஏற்பாடு.

கேள்வி: வளர்ச்சிக் கோட்டில் எங்கள் குழந்தை 50-லிருந்து 90-க்குத் தாவிவிட்டது. கோட்டைத் தாண்டுவது தவறா?

90-வது கோடு என்றால், அதே வயதுள்ள 100 ஆரோக்கியமான குழந்தைகளை எடைப்படி வரிசையாக நிறுத்தினால் உங்கள் குழந்தைக்கு முன்னால் 90 பேர் எடை குறைவாக இருப்பார்கள் என்று பொருள். பரீட்சை மதிப்பெண் இல்லை; 90 என்பது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

தாண்டுவதைப் பற்றிக் கேட்பது நியாயமான கேள்வி. பிறக்கும்போதுள்ள எடை பெரும்பாலும் கருப்பையின் சூழலைக் காட்டும். அம்மாவின் உடல்நிலை, நஞ்சுக்கொடி எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதெல்லாம் அதில் அடங்கும். பிறந்த பிறகு குழந்தை தன் மரபுக்கு ஏற்ற இடத்தைத் தேடிப் போகும். உயரமான பெற்றோருக்குச் சற்றுச் சிறியதாகப் பிறந்த குழந்தை மேலே ஏறுவதும், கர்ப்பகாலச் சர்க்கரையால் பெரியதாகப் பிறந்த குழந்தை மெல்லக் கீழே இறங்குவதும் இயல்பு. ஆகவே முதல் சில மாதங்களில் ஒரு கோடு தாண்டியதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இரண்டு மூன்று கோடுகளைத் தாண்டி, நின்று நிலைக்காமல் மேலே போய்க்கொண்டே இருந்தால், அதுவும் நீளம் கூடவே வராவிட்டால், மருத்துவர் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இந்த அட்டவணை 2006-ல் வந்தது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து தயாரித்தது. அதற்கு முந்தைய பழைய அட்டவணைகளில் புட்டிப்பால் குழந்தைகள் அதிகம். மருத்துவமனையில் தரும் அட்டவணையும் கைப்பேசிச் செயலியில் இருப்பதும் வேறு வேறாக இருந்தால் ஒரே குழந்தை இரண்டு இடத்தில் நிற்கும். ஏதாவது ஒன்றையே கடைசிவரை பின்பற்றுங்கள்.

கேள்வி: எடை மெஷின் தவறாகக் காட்டுமா?

தாராளமாகக் காட்டும். ஈரமான டயப்பர் ஒன்றே 100 கிராமுக்கு மேல் இருக்கலாம். இப்போதுதான் குடித்த பால் இன்னொரு 100 கிராம். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரியவர்களுக்கான மெஷினில் ஏறி, பிறகு தன் எடையைக் கழிக்கும் முறையில் வரும் எண்ணை நம்பி ஒரு நாளும் கவலைப்பட வேண்டாம். ஒரே மெஷினில், துணி இல்லாமல், பால் கொடுப்பதற்கு முன் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். இரண்டு வாரம் கடந்து நலமாக இருக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை போதும். தினமும் எடுப்பது நம் நிம்மதியைக் குலைக்கத்தான் உதவும்.

கேள்வி: தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். நான் அதிகமாகக் கொடுத்துவிடுகிறேனா?

இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் தவறு செய்த இடம் இதுதான்.

வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், இப்படி அழும்போதெல்லாம் மார்பில் போட்டால் எடை ஏறத்தான் செய்யும், நேரம் வைத்துக் கொடு என்றார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தேன். முதல் நாள் அவள் வீறிட்டு அழுதாள். இரண்டாம் நாள் கையைச் சூப்பியே களைத்துத் தூங்கினாள். நான்காம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது, காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் மருத்துவரிடம் ஓடினேன். அவர் என் மார்பைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, குழந்தையை இப்போதே மார்பில் வைக்கச் சொல்லித்தான். அந்த ஐந்து நாட்களை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

மார்பில் குடிக்கும் குழந்தைதான் அளவை முடிவு செய்கிறது. பால் வர அது உழைத்து உறிஞ்ச வேண்டும். வயிறு நிறைந்தால் வேகம் குறையும், கை விரல்கள் விரியும், தானாக விட்டுவிடும். ஆறுதலுக்காகச் சப்பும்போது காலியான மார்பிலிருந்து வருவது மிகக் கொஞ்சம். குடிக்கக் குடிக்கப் பாலில் கொழுப்பு கூடிக்கொண்டே வருவதால் நிறைவும் மெல்ல வருகிறது.

ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் குழந்தை குடிக்கும் மொத்த அளவு பெரிதாக மாறுவதில்லை என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. சராசரியாக நாளொன்றுக்கு 750 முதல் 800 மில்லி. சில குழந்தைகள் 500-லும் திருப்தியாக இருக்கும், சிலவற்றுக்கு 1,000-க்கு மேலும் தேவைப்படும். எடை கூடக் கூடப் பாலும் கூடிக்கொண்டே போக வேண்டியதில்லை. வளர்ச்சி வேகம் குறைவதால் அதே பால் போதுமானதாகிவிடுகிறது. தாய்ப்பால் குழந்தைகள் முதல் இரண்டு மூன்று மாதங்களில் கொழுகொழுவென்று ஏறி, அதற்குப் பிறகு புட்டிப்பால் குழந்தைகளைவிட மெலிந்த உடல்வாகுக்கு வருவதும் இதனால்தான்.

என் மகள் ஒரு வயதில் 9.6 கிலோ. அந்த வயதுப் பெண் குழந்தையின் நடு எடை 8.9.

கேள்வி: ஃபார்முலா கொடுக்கிறோம். ஒரு தடவைக்கு எத்தனை மில்லி?

முதல் வாரம் கழிந்த பிறகு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 150 மில்லி என்பது ஒரு நாளுக்கான தொடக்கக் கணக்கு. சில குழந்தைகளுக்கு 200 வரை தேவைப்படும். 4 கிலோ குழந்தைக்கு 600 மில்லி; எட்டுத் தடவையாகப் பிரித்தால் தடவைக்கு 75. 5.5 கிலோ குழந்தைக்கு 825. ஆறு தடவையானால் 140-க்குச் சற்றுக் குறைவு.

வேகமாக எடை போடும் குழந்தையிடம் இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. எடை ஏறியதால் பாலைக் கூட்டுகிறோம், பாலைக் கூட்டியதால் எடை ஏறுகிறது, மறுபடி கூட்டுகிறோம். 7 கிலோ வந்ததும் 1,050 மில்லி என்று கணக்கு சொல்லும். ஆனால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 950 மில்லியைத் தாண்ட வேண்டிய தேவை பொதுவாக எந்தக் குழந்தைக்கும் இருப்பதில்லை. உங்கள் குழந்தை தொடர்ந்து அதற்கு மேல் குடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். டப்பாவின் பின்புறம் உள்ள அட்டவணையும் வழிகாட்டிதான். அதில் 150 என்று இருக்கிறது, குழந்தை 110-ல் வாயை மூடிக்கொண்டால் அந்த வேளைக்கு 110-தான் சரி.

கேள்வி: பால் கலக்குவதில் தவறு நடந்தால் எடை ஏறுமா?

ஏறலாம். வீட்டில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிக் கலக்கும்போது இது நடக்கும். ஒருவர் ஸ்கூப்பைத் தலை தட்டிப் போடுவார், இன்னொருவர் குவித்துப் போடுவார், வேறொருவர் டப்பாவில் அழுத்தி நிரப்புவார். தண்ணீர் முதலில், பவுடர் பிறகு. பவுடர் போட்டபின் குறிப்பிட்ட கோடு வரை தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் குறைந்து பால் கெட்டியாகிவிடும். கெட்டிப் பாலில் எடை மட்டுமல்ல, உப்பும் கூடுகிறது. குழந்தைக்குத் தாகம் எடுக்கும், தாகத்தில் அழும், நாம் பசி என்று இன்னும் கெட்டிப் பால் கொடுப்போம். எத்தனை மில்லிக்கு ஒரு ஸ்கூப் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு டப்பாவின் ஸ்கூப்பை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் தண்ணீரைக் கூட்டி நீர்க்கப் பால் கொடுக்கலாமா? நடுவில் வெறும் தண்ணீர்?

கூடாது. ஆறு மாதத்துக்கு முன் தண்ணீர் கொடுத்தாலோ பாலை நீர்க்கக் கலந்தாலோ இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம். எடையைக் குறைக்க இந்த வயதில் எந்த வழியும் இல்லை, தேவையும் இல்லை.

கேள்வி: பாட்டிலில் கொடுத்தால் அதிகம் குடித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பாட்டிலில் இருப்பது தாய்ப்பாலா ஃபார்முலாவா என்பதைத் தாண்டி, பாட்டிலே ஒரு காரணம். கறந்த தாய்ப்பாலைப் பெரும்பாலும் பாட்டிலில் குடிக்கும் குழந்தைகளும், நேரடியாக மார்பில் குடிப்பவர்களைவிட வேகமாக எடை போடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரிய பாட்டில் பயன்படுத்திய வீடுகளில் குழந்தைகளின் எடை கூடுதலாக ஏறியதையும் பார்த்திருக்கிறார்கள். காரணம் எளியது. பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தால் பால் தானாகச் சொட்டும். வாயில் எது பட்டாலும் சப்புவது முதல் மாதங்களில் குழந்தையின் அனிச்சைச் செயல். வாயில் விழுந்ததை விழுங்கித்தான் ஆக வேண்டும். வயிறு நிறைந்தது என்று உடல் உணர்வதற்குள் பாட்டில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நம்முடைய பழக்கம் ஒன்று இருக்கிறது: அடியில் இருபது மில்லி மிச்சம் நின்றால் மனம் கேட்காது. நிப்பிளை ஆட்டி, கன்னத்தைத் தட்டி, தூங்கும் வாயிலும் அதை ஊட்டிவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

குறைக்க வேண்டியது அந்த இருபது மில்லியைத்தான். குழந்தையைப் படுக்கவைக்காமல் ஓரளவு நிமிர்த்திப் பிடியுங்கள். நிப்பிளைத் திணிக்காமல் உதட்டில் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். அதுவே வாய் திறந்து இழுத்துக்கொள்ளட்டும். பாட்டிலைக் கவிழ்க்காமல் கிடைமட்டமாகப் பிடித்தால் உறிஞ்சினால்தான் பால் வரும். சில மிடறுகளுக்கு ஒரு முறை பாட்டிலைத் தாழ்த்தி மூச்சுவிட இடம் கொடுங்கள். நடுவில் குழந்தையைப் பிடிக்கும் பக்கத்தை மாற்றுங்கள். மிக மெதுவாகப் பால் வரும் நிப்பிள் வாங்குங்கள். ஐந்து நிமிடத்தில் காலியாகிற பாட்டிலை பதினைந்து, இருபது நிமிடத்துக்கு நீட்ட முடிந்தால், பல குழந்தைகள் தாமாகவே குறைத்துக் குடிப்பதைக் காண்பீர்கள். பசியோடு யாரையும் விடவில்லை, அளவையும் யாரும் பறிக்கவில்லை. மிச்சம் நின்ற பாலைக் கொட்டிவிடுங்கள், கொட்டுவது வீணடிப்பு ஆகாது. வாய் வைத்த பாலை அடுத்த வேளைக்கு வைத்திருக்கவும் கூடாது.

கேள்வி: அழுதால் பசி என்றுதானே அர்த்தம்?

அழுகை பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், உதட்டைச் சப்புக்கொட்டும். அப்போதே கொடுத்துவிட்டால் நிதானமாகக் குடிக்கும். வீறிட்டு அழுதபின் கொடுத்தால் காற்றோடு சேர்த்து அள்ளிக் குடிக்கும்.

குடித்து அரை மணி நேரத்தில் மறுபடி அழுதால், கொஞ்சம் நின்று பாருங்கள். ஏப்பம் வராமல் இருக்கலாம், டயப்பர் நனைந்திருக்கலாம், தூக்கம் வந்து தூங்கத் தெரியாமல் தவிக்கலாம், வெறுமனே உங்கள் மேல் சாய்ந்திருக்க ஆசைப்படலாம். பாட்டில் குழந்தைக்குச் சப்பும் ஆசை தனியாக இருக்கும்; பால் இல்லாத சூப்பான் அதைத் தீர்க்கும். தோளில் போட்டு நடந்து பார்த்துவிட்டு, அப்போதும் வாய் தேடினால் தயங்காமல் கொடுங்கள். பசிக்கும் குழந்தைக்குப் பாலை மறுப்பது எடைக்கு மருந்தல்ல.

கேள்வி: சாயங்காலம் ஆனால் மூன்று மணி நேரம் விடாமல் குடிக்கிறது. இது வெறிப்பசியா?

மாலையில் இப்படித் தொடர்ந்து குடிப்பது முதல் மாதங்களில் மிகச் சாதாரணம். இரண்டு மூன்று வாரத்திலும், ஆறு வாரத்தை ஒட்டியும், மூன்றாம் மாதத்திலும் சில நாட்கள் அது இன்னும் கூடும். பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். ஒரு தம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்காருங்கள்.

கேள்வி: குடித்ததும் கக்குகிறது. அளவுக்கு மீறியதாலா?

சில சமயம் ஆமாம், பல சமயம் இல்லை. உணவுக்குழாயின் கீழ்முனை இன்னும் இறுகாத வயது. நிரம்பிய வயிற்றைச் சற்று அழுத்தினாலே வழியும். நான்காம் மாதத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். கக்கிவிட்டுச் சிரிக்கிற, எடை ஏறுகிற குழந்தைக்கு மருந்து வேண்டாம். துணிதான் நிறைய வேண்டும். ஆனால் கக்கிய உடனே மறுபடி ஊட்டி நிரப்பாதீர்கள்.

தாய்ப்பால் சுரப்பு மிக அதிகமாக இருக்கும் அம்மாக்களின் குழந்தைகள் வேறு மாதிரி. பால் பீறிட்டு வருவதால் புரையேறும், மார்பை விட்டுவிட்டுத் திணறும், வாயு நிறையப் போகும், பச்சையாக நுரைத்து மலம் போகும், எடையும் வேகமாக ஏறும். சாய்ந்து படுத்துக்கொண்டு குழந்தையை மேலே போட்டுக் கொடுத்தால் வேகம் தணியும். ஒரு பக்கத்தையே சில மணி நேரம் கொடுத்துச் சுரப்பைக் குறைக்கும் முறை ஒன்றும் உண்டு. அதைத் தாய்ப்பால் ஆலோசகரின் மேற்பார்வை இல்லாமல் செய்ய வேண்டாம், பால் கட்டிக்கொள்ளவோ ஒரேயடியாகக் குறையவோ வாய்ப்பு உண்டு.

பீய்ச்சி அடிப்பது போன்ற வாந்தி, பச்சை நிற வாந்தி, இரத்தம் கலந்த வாந்தி ஆகியவை கக்குவதில் சேராது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: பெரிய குழந்தை, பால் பற்றாது, திட உணவு தொடங்கு என்கிறார்கள்.

திட உணவு தொடங்க எடை ஒரு தகுதியே இல்லை. தலை நிற்க வேண்டும், சாய்த்தால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். இவை ஆறு மாதத்தை ஒட்டி வரும். நான்கு மாதத்துக்கு முன் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பாட்டில் பாலில் மாவு கலந்து கொடுத்தால் இரவு நன்றாகத் தூங்கும் என்ற யோசனையும் வரும். அது மூச்சுக்குழாயில் போகும் அபாயத்தையும் தேவையற்ற கலோரியையும்தான் சேர்க்கும்.

கேள்வி: இப்போது இவ்வளவு எடை போட்டால், பெரியவனானதும் குண்டாக இருப்பானோ?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் வாட்டியது. இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

பிறந்த முதல் மாதங்களில் மிக வேகமாக எடை போட்ட குழந்தைகளில், பின்னாளில் உடல் பருமன் உள்ளவர்களின் பங்கு சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் இது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒரு குழந்தையின் தலைவிதியைச் சொல்வதில்லை. வேகமாக எடை போட்ட குழந்தைகளில் பலர் சாதாரண உடல்வாகோடுதான் வளர்கிறார்கள். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், புரதம் அதிகமுள்ள ஃபார்முலா குடித்த குழந்தைகள் இரண்டு வயதிலும் ஆறு வயதிலும் புரதம் குறைந்த ஃபார்முலா குடித்தவர்களைவிடச் சற்றுக் கனமாக இருந்தார்கள். எந்தப் பால், எப்படிக் கொடுக்கிறோம் என்பதில் நம் கையில் கொஞ்சம் இருக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஃபார்முலாவை மாற்றும் எண்ணம் இருந்தால் மருத்துவரிடம் புரத அளவைக் கேளுங்கள்.

மறுபக்கம் இது. பிறக்கும்போது உடலில் 13 முதல் 15 சதவீதம் வரை உள்ள கொழுப்பு, ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய 25 சதவீதமாக உயர்வது மனிதக் குழந்தைக்கே உரிய இயல்பு. உண்ணும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூளைக்கே போகும் வயது இது. அந்தக் கொழுப்பு சேமிப்புக் கிடங்கு. தவழ்ந்து, நடந்து, ஓட ஆரம்பித்ததும் கிடங்கு கரையும். அதுவரை தொடை மடிப்பைப் பார்த்துப் பயப்படுவதைவிட, பசி தீர்ந்ததும் நிறுத்தத் தெரிந்த குழந்தையின் அந்தத் திறமையை நாம் கெடுக்காமல் இருப்பது பெரிய காரியம்.

கேள்வி: குப்புற விழத் தாமதமாகிறது. எடைதான் காரணமா?

கனமான குழந்தைகள் சில வாரம் பிந்தி விழலாம். தூளியிலும் சாய்வு நாற்காலியிலும் அதிக நேரம் இருப்பது அதைவிடப் பெரிய தடை. விழித்திருக்கும்போது கண் பார்வையில் வைத்துக் குப்புறப் படுக்கவையுங்கள். ஒரு நாளில் மொத்தம் அரை மணி நேரமாவது சேரட்டும், இரண்டு இரண்டு நிமிடமாகத் தொடங்கினாலும் போதும்.

கேள்வி: எப்போது இது நோயாக இருக்கலாம்?

அரிதுதான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று எடை கூடி, கண் இமை, கால், பாதம் வீங்கியிருந்தால் அது நீர் கோத்திருப்பதாக இருக்கலாம். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, குடிக்க முடியாமல் விட்டுவிடுகிற குழந்தையை இதயப் பிரச்சினைக்காகப் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் அன்றே போங்கள்.

எப்போதும் மந்தமாக, மலச்சிக்கலோடு, நாக்கு பெரிதாக, மஞ்சள் காமாலை வாரக்கணக்கில் நீடித்தால் தைராய்டு பரிசோதனை தேவை. எவ்வளவு குடித்தாலும் அடங்காத பசியோடு, மாதாமாதம் கோடுகளைத் தாண்டி எடை ஏறிக்கொண்டே போனால் மிக அரிதான மரபணுக் காரணங்களையும் மருத்துவர் யோசிப்பார்.

பலர் கவனிக்காத ஒன்று களிம்பு. டயப்பர் புண்ணுக்காக யாரோ சொல்லி வாங்கிய களிம்பில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கலாம். டயப்பருக்குள் மூடிய மெல்லிய தோல் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். வாரக்கணக்கில் தடவினால் முகம் உருண்டு, எடை ஏறி, நீளம் வளர்வது மட்டும் மந்தமாகிவிடும். முதல் பதிலில் நீளத்தைக் கேட்டு வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். களிம்பு இப்படி என்று தெரிந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நாள்பட்டுப் பயன்படுத்தியிருந்தால் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: குறைமாதத்தில் பிறந்த குழந்தை வேகமாக ஏறினால்?

அது விட்டதைப் பிடிக்கிறது. பிறந்த தேதியை விட்டுவிட்டு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். அளவு பற்றி உங்கள் மருத்துவர் சொன்னதுதான் கணக்கு, இங்கே உள்ள எண்கள் பொருந்தாது.

கேள்வி: கழுத்து மடிப்பில் சிவந்து நாற்றம் வருகிறது.

பால் வழிந்து மடிப்புக்குள் தேங்குவதால் வருவது. தினமும் மடிப்பை விரித்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, ஒற்றி உலர்த்துங்கள். பவுடர் போடாதீர்கள், நனைந்து கட்டியாகும், மூச்சிலும் போகும். சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்குத் தனிக் களிம்பு உண்டு.

கேள்வி: மருத்துவரிடம் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

பிறந்ததிலிருந்து எடுத்த எல்லா எடைகளும், தேதியோடு. மூன்று நாள் பால் கணக்கு: எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, அல்லது எவ்வளவு நேரம் மார்பில் இருந்தது, எத்தனை டயப்பர் நனைந்தது. ஃபார்முலா என்றால் டப்பா, அதன் ஸ்கூப், நீங்கள் பயன்படுத்தும் பாட்டிலும் நிப்பிளும். வீட்டில் யார் யார் கலக்குகிறார்களோ அவர்களில் ஒருவரையாவது கூட்டிப் போங்கள், அங்கேயே ஒரு முறை கலந்து காட்டச் சொல்லலாம். குழந்தையின் தோலில் தடவும் எல்லாக் களிம்புகளையும், பாதி தீர்ந்த டியூப் உட்பட, ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.